காத்து சரியில்லை: ஒஸ்லோவிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு பயணத் திட்டம்

என் மகனுக்கு ஒன்பது வயது. அம்மப்பாவின் ஊருக்குப் போகப்போகிறோம், அந்த ஊருக்கு ஆங்கில வரைபடத்தில் டெல்ஃப்ட் என்று பெயர் என்று ஒருநாள் சொன்னேன். உடனே போய்க் கணினியில் தேடிவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தான். "அம்மா, அது கிட்டத்தானே! ஹொலண்டில இருக்கு. ரயிலிலயே போகலாம்!"

அவன் கண்டது நெதர்லாந்தில் இருக்கிற டெல்ஃப்ட் நகரம். நாங்கள் போக வேண்டியது யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் கிடக்கிற நெடுந்தீவு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடல்பேர்க். மற்றப் பெயர்களெல்லாம் மறைந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகனுக்கு இதைச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "அப்ப அங்க எப்பிடிப் போறது?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதான அம்மா அப்பாவை அவர்கள் பிறந்த இடத்துக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கிற யாருக்காவது இது உதவலாம்.

கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்

நான் மென்பொருள் பொறியியலாளர். எதையும் எக்செலில் போட்டால்தான் எனக்கு நித்திரை வரும். 2023 ஓகஸ்டில் ஒரு புதுத் தாளைத் திறந்து முதல் வரியில் ஒஸ்லோ விமான நிலையம் என்று எழுதினேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

நோர்வேயில் இருந்து பழகியவர்களுக்கு இந்தப் பிழை இயல்பாக வரும். இங்கே என்டூர் செயலியில் வடக்கே ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ட்ரெனா தீவின் பெயரைப் போட்டாலும், எந்த ரயில், எந்த பஸ், எந்தப் படகு என்று மணிக்கணக்கோடு வரிசையாகக் காட்டும். அதனால் முதலில் ரிக்கெட், பிறகு ஹோட்டல், கடைசியில் படகு என்று யோசிக்கப் பழகிவிட்டோம்.

நெடுந்தீவுக்கு இது சரிவராது. ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. டோஹா, டுபாய், இஸ்தான்புல் என்று ஏதாவது ஓரிடத்தில் மாறலாம். அதில் சிக்கல் இல்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்துவிட்டது. ஏ9 வீதியால் வானிலும் போகலாம். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் நின்றிருந்த சென்னை சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியதால், இந்திய விசா எடுக்கத் தயாரானவர்களுக்கு அந்த வழியும் உண்டு. ஆனால் அது சின்ன விமானம். மருந்துப் பெட்டியும் சொந்தக்காரருக்குச் சொக்லேட்டுமாகப் போகிற எங்களுக்குப் பொதிக் கணக்கு இடித்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட வீதிகளால் குறிகட்டுவான் துறைக்குப் போக வேண்டும். 776 பஸ் போகும். வானில் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கேயிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம்தான் முழுப் பயணத்தையும் ஆட்டிப்படைக்கிறது. காலையில் போகிற படகை விட்டால் அன்றைய நாள் பெரும்பாலும் போச்சு. பின்னேரப் படகை விட்டால் இரவு தீவில்தான். காற்று பலமென்றால் படகே இல்லை. இணையத்தில் நேரம் தேடினேன். ஐந்து இடத்தில் ஐந்து விதமாக இருந்தது.

கடைசியில் அப்பாவின் சின்னம்மாவின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். எனக்கு அவர் சித்தப்பா முறை. இன்றும் நெடுந்தீவில்தான் இருக்கிறார்.

"சித்தப்பா, படகு எத்தினை மணிக்கு?"

"மோனை, நீ நேரத்தைக் கேக்காதை. எந்த மாசம் வாறாய் எண்டதை முதல்ல சொல்லு."

அன்று இரவே எக்செல் தாளை அழித்துவிட்டுக் கீழேயிருந்து மேலாக எழுதினேன். முதல் வரி: மாவலி இறங்குதுறை, நெடுந்தீவு. கடைசி வரி: ஒஸ்லோ.

எந்த மாதம்?

இந்த இடத்தில்தான் வெளிநாட்டுக் குடும்பங்கள் மாட்டுப்படும். எங்களுக்கு லீவு இருக்கிற நேரத்தில் கடலுக்குக் கோபம் இருக்கும்.

ஒஸ்லோ பள்ளிக்கூடங்களின் நீண்ட விடுமுறை யூன் பிற்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை. அது சோளகக் காற்றுக் காலம். மழை இல்லை, வெயில் நல்லது, ஆனால் கடல் கொந்தளிக்கும். அடுத்தது நத்தார் விடுமுறை. அது வாடைக் காலம். யாழ்ப்பாணத்துக்கு மழையே ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கொட்டும். வங்காள விரிகுடாவில் புயல் பிறக்கிற நேரமும் அதுதான்.

"மாசி, பங்குனியில வா. கடல் தட்டு மாதிரிக் கிடக்கும்" என்றார் சித்தப்பா.

மாசியில் ஒஸ்லோவுக்கு ஒரே ஒரு கிழமை லீவு. அதில் போய்வரவே நாள் முடிந்துவிடும். மிச்சம் ஈஸ்டர். ஒஸ்லோ முழுக்கப் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மலைக்குடில்களுக்கு ஓடுகிற நேரத்தில், பத்து நாள் தொடர்ந்து கிடைக்கும். 2024 இல் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 31. பங்குனி மாதம், சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை முன்பு. வருடப்பிறப்பு நெருங்கிவிட்டால் கொழும்பிலிருந்து ரயிலில் இடம் பிடிப்பது பெரும்பாடு.

பத்து நாளை இப்படிப் பிரித்தேன். மார்ச் 22 வெள்ளி பின்னேரம் ஒஸ்லோவிலிருந்து. சனி கொழும்பில் ஓய்வு. ஞாயிறு யாழ்ப்பாணம். திங்கள் அங்கேயே இளைப்பாறல். செவ்வாய் காலை படகு, ஓரிரவு தீவில். புதன், வியாழன் இரண்டும் வெறும் நாட்கள். வெள்ளி கொழும்புக்குத் திரும்புதல்.

கணவருக்கு அந்த வெறும் நாட்கள் பிடிக்கவில்லை. "ரெண்டு நாளைச் சும்மா விடுறியா? திருகோணமலைக்கும் போய்வரலாமே" என்றார். நான் விடவில்லை. மென்பொருள் வேலையில் ஒன்றை நன்றாகப் படித்திருக்கிறேன்: எது உன் கையில் இல்லையோ, அதற்குப் பக்கத்தில் நேரத்தை மிச்சம் வை. என் கையில் இல்லாதது காற்று என்று நினைத்தேன்.

ஒத்திகை

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. இதயத்தில் ஒரு ஸ்டென்ட், பிரஷருக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து. நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் கடுமையான வருத்தமென்றால் நோயாளியைக் கடல் கடந்து யாழ்ப்பாணம் கொண்டுவர வேண்டும். ஆகவே குடும்ப வைத்தியரிடம் போய் விவரமாகச் சொல்லி, மருந்துப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி வாங்கினோம். மருந்து முழுவதும் கைப்பையில், மேலதிகமாகப் பத்து நாளுக்கும் சேர்த்து. இன்னொன்று: நோர்வேயின் தேசியக் காப்புறுதியை நம்பி இலங்கைக்குப் போகக் கூடாது, பயணக் காப்புறுதி கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் அது பொருந்துமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அப்பா படகில் ஏறி இறங்குவாரா என்பது அடுத்த கேள்வி. ஒக்டோபர் ஞாயிறு ஒன்றில் அக்கர் பிரிக்கவிலிருந்து ஹூவெட்ஓயா தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வழக்கமான பஸ் ரிக்கெட்டிலேயே போகலாம், சில நிமிடப் பயணம். அங்கே 1147 இல் கட்டத் தொடங்கிய மடாலயத்தின் இடிபாடு இருக்கிறது. மகன் கல்லுக்குக் கல் தாவினான். அப்பா கைத்தடி இல்லாமலேயே ஏறி இறங்கினார். ஆனால் உள்ளே கதிரை காலியாக இருந்தும் உட்காரவில்லை. போகும்போதும் வரும்போதும் வாசல் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இருங்கோவன் அப்பா."

"இல்லை, நிக்கிறன்."

வீட்டுக்கு வந்து எக்செலில் 'படகு ஏறுதல்' என்ற கட்டத்தில் 'சரி' என்று பச்சை நிறம் அடித்தேன்.

இப்போது யோசித்தால் நான் கவனித்திருக்க வேண்டியவை நிறைய. அப்பா 1986 இல் ஒரு நாட்டார் உயர்பள்ளி மாணவராகத்தான் நோர்வே வந்தார். பிறகு அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலரைப் போல ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. கடலுக்குள் பிறந்து வளர்ந்த மனிதர், ஏழு வருடம் மீன் வெட்டினார். ஒருநாளாவது கூட வேலை செய்தவர்களோடு மீன்பிடிக்கக் கடலுக்குப் போனதில்லை. சமாதான காலத்தில் 2003 இலும், பிறகு 2015 இலும் யாழ்ப்பாணம் போனார். இரண்டு முறையும் குறிகட்டுவான் வரை போய்த் திரும்பி வந்தார். கேட்டால் ஒரே பதில்: "காத்து சரியில்லை."

இந்த ஏழு மாதத் திட்டத்திலும் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் படகு? குமுதினியோ?"

"தெரியாதப்பா. வடதாரகை, நெடுந்தாரகை, தனியார் படகுகள் எல்லாம் இருக்காம். அண்டைக்கு எது ஓடுதோ அதுதான்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

குறிகட்டுவான்

மார்ச் 26 செவ்வாய். விடிய எழும்பி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, வானில் புறப்பட்டோம். பண்ணைக் கடலில் கொக்குகள் நின்றன. வேலணையைத் தாண்டும்போது அம்மா தன் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

துறையில் நயினாதீவுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம், நெடுந்தீவுச் சனம் ஒரு பக்கம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழித்தீன், ஒரு புதுச் சைக்கிள் என்று எல்லாம் படகில் ஏறிக்கொண்டிருந்தன. தீவுக்கு வேண்டிய சாமான் முழுக்க இந்தப் படகுகளில்தான் போகிறது. சித்தப்பா சொன்னது போலவே கடல் தட்டு மாதிரிக் கிடந்தது.

அப்பா துறையின் நுனிவரை நடந்தார். நின்றார். பிறகு திரும்பி வந்து வானில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"காத்து சரியில்லை" என்றார்.

தலைக்கு மேல் கொடித்துணிகூட அசையவில்லை. மகனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம். ஏழு மாதம், ஐந்து ரிக்கெட், எத்தனை தொலைபேசி அழைப்பு! வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். "விடு. நாளைக்கும் படகு இருக்குத்தானே" என்றார்.

அன்று இரவு யாழ்ப்பாண வீட்டு விறாந்தையில் அம்மா எனக்குச் சொன்னார். 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்ற நாள். கொல்லப்பட்டவர்களில் குழந்தைகளும் உண்டு. இது எனக்குத் தெரிந்த வரலாறுதான். ஒவ்வொரு மே மாதமும் நினைவுகூர்கிறோம். எனக்குத் தெரியாதது இன்னொன்று.

"அண்டைக்கு அந்தப் படகில பக்கத்து வீட்டு ஆக்களும் போனவை. அவையின்ர பெட்டியைத் துறைக்குத் தூக்கிக்கொண்டு போய், உள்ளுக்க இருக்க இடம் பிடிச்சுக் குடுத்திட்டு வந்தவர் உன்ர அப்பாதான். 'வெயில் படாது, உள்ளுக்க இருங்கோ' எண்டு சொன்னவராம்."

அடுத்த வருடம் அப்பா தீவைவிட்டு வந்தார். அப்பம்மா துறையில் நின்று அனுப்பினார். 1998 இல் அப்பம்மா செத்தபோது அப்பாவால் போக முடியவில்லை. போர்.

நான் என் எக்செல் தாளை நினைத்தேன். காற்று, மழை, மருந்து, விசா, பொதி, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அப்பாவுக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. ஹூவெட்ஓயாப் படகில் அவர் ஏன் உள்ளே இருக்கவில்லை என்று அன்றுதான் விளங்கியது.

அடுத்த நாள்

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் எழும்பியபோது அப்பா வேட்டி கட்டித் தயாராக முற்றத்தில் நின்றார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வான்காரரும் கேட்கவில்லை.

துறையில் அன்று நின்றது ஒரு தனியார் படகு. சித்தப்பா அதிகாலைப் படகில் இக்கரைக்கு வந்து எங்களுக்காகக் காத்திருந்தார். முதல்நாள் இரவு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். அப்பாவுக்குக் கீழே இடம் வேண்டாம், மேலே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இடம். அவர் படகோட்டியிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். உயிர்காப்பு அங்கியை மகன் அம்மப்பாவுக்குப் பூட்டிவிட்டான்.

ஒரு மணித்தியாலம் அப்பா நின்றபடியே வந்தார். சித்தப்பாவும் பக்கத்தில் நின்றபடியே வந்தார். இருவரும் பனங்காயைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்தார்கள்.

மாவலி இறங்குதுறையில் இறங்கியதும் அப்பா முதலில் போனது குமுதினியில் இறந்தவர்களின் நினைவிடத்துக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓட்டோவில் ஏறினோம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்த் தீவு. பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து நிற்பதாகச் சொல்லும் குதிரைகள் வெளியில் மேய்ந்தன. ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம். அடி பெருத்த பெருக்கு மரம். மகன் அந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து வெளியே வர மறுத்தான்.

எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கல்வேலி மட்டும் கல்லுக் கழராமல் நின்றது. அப்பா அதற்குள் உடனே போகவில்லை. பக்கத்துக் காணிக்குள் போனார். அங்கே கிணற்றடியில் ஒரு முதியவர் நின்றார். அப்பா பெயரைச் சொன்னார். அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கோ, வந்து இருங்கோ" என்றார். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

அன்று இரவு தீவில் தங்கினோம். வியாழன் பின்னேரப் படகில் திரும்பினோம். அப்பா திரும்பும்போதும் நின்றுகொண்டுதான் வந்தார்.

நீங்கள் திட்டமிடும்போது

படகிலிருந்து தொடங்கி விமானத்தில் முடியுங்கள். நேரத்தை இணையத்தில் தேடாமல், துறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் முதல்நாள் மாலை கேளுங்கள். பணத்தை யாழ்ப்பாணத்திலேயே மாற்றிச் சில்லறையாக வைத்திருங்கள். தங்குவதற்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள்; பங்குனி வெயில் ஒஸ்லோப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது. படகில் ஊர்ச்சனத்துக்கு முதலிடம் விடுங்கள். எங்களுக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு அது பஸ்.

வெறும் நாள் ஒன்றாவது வையுங்கள். காற்றுக்கென்று நான் வைத்த நாளை அப்பா எடுத்துக்கொண்டார். அந்த நாள் இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை அந்த வானுக்குள் நாங்கள் என்ன சண்டை பிடித்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதோடு, புறப்படுவதற்கு முன்பு பெற்றோரிடம் கேளுங்கள், கடைசியாக அந்த இடத்தைவிட்டு எப்படி வந்தீர்கள் என்று. நான் கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

போன கிழமை அப்பா தொலைபேசியில் கேட்டார், அடுத்த ஈஸ்டர் எப்போது என்று. 2025 இல் ஏப்ரல் 20, விடுமுறைக்குள் வருடப்பிறப்பும் வருகிறது, ரயிலில் இடம் கிடைக்காது, நாள் காணாது என்று என் கணக்கையெல்லாம் சொன்னேன்.

"அப்ப வேலையில ரெண்டு நாள் கூட லீவு கேள்" என்றார்.